லித்தியம் பேட்டரி என்றே எழுதினேன்

இலங்கையில் யுத்தம் முடிவதற்கு முந்தின வருஷம். மாத்தளை டவுனில் ஒரு பார்சல் கம்பெனியில் புக்கிங் மேசை எனக்கு. இரத்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். வழியில் சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டை காட்டவேண்டும். என் தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். பழகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு தடவையும் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் காலை, போன் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

"மாடல் மாறி வந்த சாமான். கொழும்புக்குப் போய் அங்கேருந்து பிளேன்ல திரும்பிப் போகணும். போன் கவர்னு எழுதிடுங்க தங்கச்சி."

தராசில் வைக்கத் தூக்கினேன். ஒரு மூலை சூடாக இருந்தது. கேட்காமலேயே பிரித்தேன். உள்ளே போன் பேட்டரிகளை அப்படியே கொட்டியிருந்தார். நடுவில் திருகாணிகள் சிதறிக் கிடந்தன. அதில் ஒன்று ஒரு பேட்டரியின் முனைகளுக்குக் குறுக்கே விழுந்து, பக்கத்துப் பிளாஸ்டிக் உருகியிருந்தது. தட்டிவிட்டபோது அது என் விரலைச் சுட்டுவிட்டது. அடியில், வயிறு ஊதிய பழைய பேட்டரிகள் ஒன்பது.

"இது கவர் இல்லையே நானா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் மேனேஜரின் அறையைப் பார்த்தார்.

மேனேஜர் டவுன்காரர், தமிழர், கெட்டவர் இல்லை. பயந்தவர். வெளியே வந்து, "அவர் சொன்னபடி எழுதிக் குடு" என்றார். விமானத்தில் சாமான் ஏற்றும் கொழும்பு ஏஜென்ட் அனுப்பியிருந்த விதிமுறைத் தாளை எடுத்து நீட்டினேன். இங்கிலீஷில் இருந்த அதை அகராதி வைத்து முழுக்கப் படித்திருந்தேன். லித்தியம் பேட்டரிகள் ஒன்றோடொன்று உரசக்கூடாது, முனைகளை மூடவேண்டும், ஊதியதும் உடைந்ததும் பிளேனில் ஏறவே கூடாது, உள்ளே இருப்பதைப் பெட்டியின் மேல் லேபிளில் சொல்லவேண்டும், விசாரிக்க ஒரு டெலிபோன் நம்பரும் போடவேண்டும்.

அவர் தாளைத் தொடவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தக் காலத்துல பேட்டரின்னு எழுதின பெட்டியைச் செக்பொயின்ட்ல சும்மா விடுவாங்களா? கீழ கையெழுத்து யாருது? உன்னோடது. தமிழ்ப் பொண்ணு நீ. யோசிச்சுப் பாரு."

"யோசிச்சுத்தான் சொல்றேன் சார். கவர்னு நான் கையெழுத்துப் போட்ட பெட்டிக்குள்ள பேட்டரி இருந்தா என்ன சொல்லித் தப்புறது? பிளேன்ல நெருப்புப் பிடிச்சா அதுல இருக்கிறவங்க எங்க இறங்குவாங்க? பொய் எழுதணும்னா நீங்க எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை.

மத்தியானம்வரை நானும் நானாவும் உட்கார்ந்து பொதி கட்டினோம். ஊதியவற்றைப் பொறுக்கி எடுத்து, மணல் நிரப்பிய தகரத்தில் போட்டு, பின்வாசலுக்கு அந்தப்பக்கம் வைத்தோம். மீதிக்கு ஒவ்வொன்றாக முனையில் டேப் ஒட்டி, தனித்தனிப் பையில் போட்டு, அசையாதபடி புதுப் பெட்டியில் அடுக்கினோம். முதலில் முணுமுணுத்த நானா, போகப் போக என்னைவிட நேர்த்தியாக ஒட்டினார். ஏஜென்ட் அனுப்பிய லேபிளை ஒட்டினேன். அதற்குக் கீழே லித்தியம் பேட்டரி என்று மூன்று மொழியிலும் பெரிதாக எழுதி, ஆபீஸ் நம்பரையும் என் கையெழுத்தையும் போட்டேன்.

லொறி புறப்பட்டு ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, அந்த நம்பருக்கே போன் வந்தது. சோதனைச் சாவடியிலிருந்து. எழுதியவர் வரவேண்டுமாம்.

"போகாத, நான் ஏதாவது சொல்லிக்கிறேன்" என்றார் மேனேஜர். விதிமுறைத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாவடிக்கு முன்னால் இறங்கி வேகமாக நடந்தேன்.

பெட்டியை வீதியோரம் மேசையில் வைத்து, எல்லோரும் தள்ளி நின்றார்கள். ஓர் அதிகாரி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "தோட்டத்துப் பிள்ளையா? இவ்வளவு பேட்டரி யாருக்கு?" என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்.

"திருப்பி அனுப்புற சாமான். மறைக்கணும்னா மேல எழுதி, நம்பரும் போட்டிருப்பேனா?"

திறக்கச் சொன்னார். நானே திறந்து, ஒரு பையைப் பிரித்து, டேப் எதற்கென்று சொன்னேன். ஒவ்வொரு பையாக எண்ணவைத்தார்கள். என் பெயரும் விலாசமும் ஒரு புத்தகத்தில் ஏறின. சாயந்தரம்வரை வெயிலில் நிறுத்திவைத்தார்கள். உட்காரச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் அதிகாரி பெட்டியைக் கிட்ட வந்து பார்த்தார். "மறைச்சு வர்றது போயிடுது, இப்படி எழுதி வர்றதைத்தான் நாங்க நிறுத்துறோம்" என்று சலிப்பாகச் சொல்லிவிட்டு லொறியை விட்டார். அதில் இருந்த நியாயக்கேடு அவருக்கும் தெரிந்திருக்கும்.

"ஒரு கிழமை வராத, ஏழு நாளும் வீட்டுல இரு" என்றார் மேனேஜர், நான் ஆபீசுக்குத் திரும்பியதும்.

"நான் லீவு கேக்கலையே சார்."

மறுநாள் எட்டு மணிக்கு வந்து என் கதிரையில் உட்கார்ந்தேன். மேனேஜர் புக்கிங் புத்தகத்தைத் தன் அறையில் எடுத்து வைத்திருந்தார். பத்து மணிக்கெல்லாம் வாசலில் பார்சலோடு ஆட்கள் நின்றார்கள். புத்தகத்தை அவரே கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

பெட்டி பிளேன் ஏறிவிட்டது என்று அந்த வாரமே ஏஜென்ட் கடிதம் போட்டிருந்தார். இனி வரும் பேட்டரிகளையும் இதேபோல் கட்டி அனுப்பும்படி கேட்டிருந்தார். மேனேஜர் அதைத் தன் அறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார், தான் கட்டிய பெட்டிபோல. அடுத்த பேட்டரிப் பெட்டியிலும் கீழே என் கையெழுத்தைத்தான் போட்டேன், முழுப் பெயராக.