டெல்பினா குவளை ஊற்றிய காலை

எங்கள் ஊர் நெடுஞ்சாலையில் பேருந்து நின்றதும் தலையில் கூடையோடு ஏறும் பெண்களில் பாதிப் பேர் இன்று டெல்பினா ரோலோனின் சிப்பா ரொட்டியைத்தான் விற்கிறார்கள். அவளும் ஒரு காலத்தில் கூடை தூக்கியவள்தான். பிறகு புவெனஸ் அயர்ஸுக்குப் போய் வீட்டுவேலை செய்தாள். திரும்பி வந்து இரண்டு மண் அடுப்புகள் கட்டினாள். மரவள்ளி மாவு எது, பாலாடைக்கட்டி எங்கே நன்றாகக் கிடைக்கும், மழைக்காலத்தில் எவ்வளவு சுட வேண்டும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனிதர்களைத்தான் அவள் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டாள். நான் அங்கே மாவு பிசைபவள். பேச்சு எனக்கு வராது. பார்த்துக்கொண்டிருப்பேன்.

காலை வெயில் ஏறும்போது மாமரத்தடியில் எல்லோரும் தெரெரே என்னும் குளிர்ந்த இலைத் தேநீர் குடிப்போம். ஒரே கொம்புக் குவளை, ஒரே குழல். ஒருவர் குளிர்ந்த நீரை ஊற்றி ஊற்றிக் கொடுக்க, குவளை சுற்றி வரும். போதும் என்பவர் மட்டும் நன்றி சொல்வார். கடைசி ஆள் நன்றி சொல்லும்வரை ஊற்றுபவர் எழக் கூடாது. டெல்பினா அந்த வட்டத்துக்கு வரமாட்டாள். பெயர் பொறித்த தோலுறை போட்ட தனிக் குவளை வைத்திருந்தாள். ஃபோனில் பேசிக்கொண்டே நின்றபடி குடிப்பாள். நேரத்தை வீணாக்காத முதலாளி என்று நாங்கள் மெச்சுவோம் என்பது அவள் நினைப்பு. எங்கள் வாய் பட்ட குழல் அவளுக்கு ஆகாது என்பது எங்கள் நினைப்பு.

ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரம் நெருங்கியது. நாடே சிப்பா தின்னும் வாரம். அப்போது பார்த்து ஒரு தட்டு கருகிவிட்டது. அடுப்பைக் கவனிக்கும் ஞா செவெராவை (மூத்தவள் பெயருக்கு முன்னால் ‘ஞா’ போடுவது எங்கள் வழக்கம்), கூடைக்காரிகள் எல்லோரும் நிற்கும்போதே டெல்பினா பிடித்துக்கொண்டாள்.

"கண்ணை வீட்டுலயே கழட்டி வச்சிட்டு வந்தீங்களா, ஞா செவெரா? மூக்குமா அடைச்சுப்போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். ஞா செவெரா கருகியதைப் பொறுக்கிப் போட்டாள்.

கூட்டுரோட்டில் இருந்த இன்னொரு சிப்பா முதலாளி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று இரண்டொரு நாளில் தெரிந்தது. அவள் போனால் அந்த வாரம் இரண்டு அடுப்பும் படுத்துவிடும். டெல்பினா ஓடிப்போய்க் கூலியைக் கூட்டித் தருவதாகச் சொன்னாள்.

"சரி டெல்பி, பாப்போம்" என்றாள் ஞா செவெரா.

டெல்பினா மலர்ந்த முகத்தோடு என்னிடம் வந்தாள். "பாத்தியா நிம்ஃபா? எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு."

எனக்குப் பேச்சு வராதுதான். ஆனாலும் சொன்னேன். "அவங்க உங்க முகத்தைப் பாத்துச் சொல்லல. அடுப்புல தட்டு தள்ளுற சொந்தத் துடுப்பக் கழுவி வாசல்ல சாத்தி வச்சிருக்காங்க, வீட்டுக்குக் கொண்டுபோக."

"அப்போ வேற என்னதான் வேணுமாம்?"

"தெரியல. நீங்க கேக்கவே இல்லியே."

மறுநாள் டெல்பினா தன் குவளையைக் கொண்டுவரவில்லை. மூலிகையை இடித்து ஜாடியில் போட்டு, மாமரத்தடி முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, இன்னிக்கு ஆலங்கட்டி மழைதான்! முதலாளியம்மா ஊத்துறாங்கடி!" என்றாள் என்னோடு மாவு பிசையும் ரமோனா.

"வாயை மூடிட்டுக் குடி" என்று டெல்பினாவும் சிரித்தாள்.

பையில் ஃபோன் அடித்தது. அவள் கை போனது, திரும்பி வந்தது. ஒவ்வொருவராக நன்றி சொல்லி எழுந்தோம். நான் பக்கத்திலேயே தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினேன். ஞா செவெரா மட்டும் நன்றி சொல்லவில்லை. குவளை அவர்கள் இருவருக்குள்ளேயே போய்ப் போய் வந்தது. இலை வெளுத்துச் சாரமே இல்லை.

"விறகு ஈரம், தீ அணையும், திடீர்னு பாயும்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் ஞா செவெரா. " நீ ஃபோன்ல இருந்தே."

டெல்பினா குவளையை நிரப்பினாள்.

"திட்டினது பெரிசில்ல. நானா இருந்தாலும் திட்டியிருப்பேன். அன்னிக்குத்தான் என் மருமக முதமுதல்ல கூடை தூக்க வந்தா. அவளும் சேந்து சிரிச்சா, டெல்பி. இப்ப வீட்டுல என் பேச்சுக்கு மதிப்பில்ல."

டெல்பினா குவளையை நீட்டினாள். "புவெனஸ் அயர்ஸ்ல ஒரு எஜமானியம்மா விருந்தாளிங்க முன்னாடி என்னை இப்படித்தான் பேசுவா. அந்தக் குரல் எப்ப எந் தொண்டையில வந்து குந்துச்சோ."

"முதல்ல அந்த எஜமானியம்மா சீட்டைக் கிழி. இங்க அவளுக்கு வேலை இல்ல."

"மன்னிச்சிடுங்க, ஞா செவெரா."

"எனக்கு மட்டும் கேட்டாப் போதுமா? அன்னிக்கு ஊருக்கே கேட்டுச்சே."

கூடைக்காரிகள் வந்து சேர்ந்ததும், ஞா செவெரா இன்னும் நன்றி சொல்லாததால், டெல்பினா முக்காலியை விட்டு எழாமலே அவர்களை மாமரத்தடிக்குக் கூப்பிட்டாள். ஈர விறகு வாங்கியது தன் தப்பு, ஞா செவெரா முன்பே எச்சரித்தாள், எல்லோர் முன்னாலும் கேலி செய்தது அதைவிடப் பெரிய தப்பு என்று அதே உரத்த குரலில் சொன்னாள். காது சிவந்திருந்தது. குரல் நடுங்கவில்லை. மருமகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஞா செவெரா கடைசி வாயை உறிஞ்சினாள். "நன்றி" என்று குவளையை டெல்பினா கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"என்னடி வேடிக்கை? கூடையை எடுங்க. பஸ் நமக்காக நிக்குமா?"