அவள் திட்டுவதை நிறுத்திய பிறகு

ஐடியா வரணும்னு எங்க ஆபீஸ்ல பீன் பேக் வாங்கிப் போட்டிருக்காங்க. சுவரெல்லாம் கலர் கலரா பெயின்ட். அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இதே புனே கராடி ஏரியாவுல, ஆபீஸ் கேட்டுக்கு வெளிய டப்ரின்னு சொல்ற ரோட்டோர டீக்கடையில நின்னு எங்களுக்கு வராத ஐடியாவா?

நான் மதுரை. அவ திருநெல்வேலி. ஆஸ்பத்திரிகளுக்கு ஆப் செய்யிற டீம்ல நாங்க ரெண்டு பேர்தான் தமிழ். பதவியில நான் ஒரு படி மேல, அதையெல்லாம் யாரு பார்த்தா? நான் ஒண்ணு சொல்லுவேன், அவ அதைக் கிழிச்சுத் தொங்கவிடுவா. எங்க வேலை அப்படித்தான் நடந்துச்சு.

டோக்கன் ஸ்க்ரீனை நான் வரைஞ்சு காட்டின அன்னிக்கு, "கூறுகெட்டவளே! சுகர் உள்ள மனுசன் பாத்ரூம் போயிட்டு வாரதுக்குள்ள அவரு நம்பரக் கூப்பிட்டுட்டா? மறுபடி கடைசில போயி நிக்கணுமா? கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு?"ன்னு கத்துனா. நானும் விடலை. விரலை நீட்டிக்கிட்டு, "அப்ப எல்லாரும் பாத்ரூம்னுதான்டி சொல்லுவாங்க, லூசு!"ன்னு எகிறினேன். அந்தச் சண்டையிலதான் 'இதோ வர்றேன்'ங்கிற பட்டன் பிறந்துச்சு. அதை அமுக்கினா நம்பர் போகாது. அடுத்தவர் டாக்டரைப் பார்த்துட்டு வந்ததும் நம்மளக் கூப்பிடும். ஆஸ்பத்திரிக்காரங்க கொண்டாடிட்டாங்க. யாரோட ஐடியான்னு கேட்டப்ப ரெண்டு பேரும் முழிச்சோம். எங்களுக்கே தெரியலை.

ஒருநாள் நாங்க அப்படிக் கத்திக்கிட்டிருந்ததை, பக்கத்துல வடா பாவ் தின்னுக்கிட்டிருந்த எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் பார்த்திருக்கார். அவருக்குத் தமிழ் சுத்தமாத் தெரியாது. சீனியர் ஒருத்தி ஜூனியரை நடுரோட்டுல வச்சு அவமானப்படுத்துறாள்னு நினைச்சு, நல்ல எண்ணத்துல எச்.ஆர்.ல சொல்லிட்டார்.

எச்.ஆர். அவளைத் தனியாக் கூப்பிட்டு, "அவங்க கூட இருக்க பயமா இருக்கா?"ன்னு கேட்டாங்களாம். இவ சிரிச்சுட்டா. பயத்துல சிரிக்கிறாள்னு எடுத்துக்கிட்டாங்க. என்னத்தச் சொல்ல! எங்களைத் தனித்தனியா உட்கார வச்சாங்க. எனக்குப் பயிற்சி வேற: முதல்ல பாராட்டணுமாம், அப்புறம் அனுமதி கேட்டுக் குறை சொல்லணுமாம். அதுவும் இங்கிலீஷ்ல, மூணாவது ஆள் ஒருத்தரை வச்சுக்கிட்டு.

கொஞ்ச நாள்ல சரியாயிடும்னு நினைச்சேன். ஆகலை. அவ டீக்கு வரமாட்டேன்னுட்டா. மீட்டிங்ல எதைக் காட்டினாலும் "நைஸ், வெரி நைஸ்." எனக்கும் மண்டை காஞ்சு போச்சு. ஏதாவது தோணும், இதுக்கு அவ என்ன சொல்லுவான்னு நினைப்பேன், அந்த இடத்துலயே அது செத்துப் போகும். "வேற யாரையாவது கேளேன்"ங்கிறார் வீட்டுக்காரர். வேற யாரு இருக்கா இந்தப் புனேயில, என்னைக் கூறுகெட்டவளேன்னு கூப்பிட?

போன வாரம் பொறுக்க முடியாம ஒரு வேலை பண்ணேன். மாத்திரை சாப்பிட ஞாபகப்படுத்துற ஸ்க்ரீன் ஒண்ணை வேணும்னே படுமட்டமா வரைஞ்சேன். எழுத்து பொடிப்பொடியா இருந்துச்சு. சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியாங்கிறதே இல்ல. வயசானவங்க யாருக்கும் ஒண்ணும் புரியாது. இதைப் பார்த்தாவது அவ வெடிப்பான்னு காத்துக்கிட்டிருந்தேன். பார்த்தா. உதடு லேசாத் துடிச்சுது. "லுக்ஸ் குட்"னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டா.

மீட்டிங் முடிஞ்சதும் அவ சீட்டுக்கே போயிட்டேன். "ஏன்டி, என்னைத் திட்டக்கூட மாட்டியா? அவ்வளவு ஆகாதவளா ஆயிட்டேனா?"

அவ ஸ்க்ரீன்ல இருந்து கண்ணை எடுக்கலை. "இன்னொரு தடவ சத்தம் கேட்டா ஒன்னிய வேலைய விட்டுத் தூக்கிருவோம்னு அன்னைக்கே சொல்லிட்டாங்கட்டி. ஒங்கிட்ட சொன்னா நீ நேரா அவங்ககிட்ட சண்டைக்குப் போவ. நான் வாயத் தொறந்தா எனக்கு சத்தம் போடாமப் பேச வராது. அதான் தொறக்கல."

எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. அவ ஒரு டிஷ்யூவை எடுத்து என் கையில திணிச்சா.

"கண்ணத் தொடச்சுக்கட்டி"ன்னா. "பாக்காங்க."