திராட்சைப் பெட்டியில் போன கடைசிப் புத்தகம்

டிவி தொடரைப் பார்த்து எழுதியதெல்லாம் ஒரு புத்தகமா என்று கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. எங்கள் கம்பம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை அந்த விண்வெளித் தொடர் ஓடும் நேரம் பார்த்துத்தான் கரண்ட் போகும். விண்கலத்தில் என்ன நடந்தது என்று அந்தச் சின்னப் புத்தகங்கள்தான் எனக்குச் சொல்லின. மதுரையில் யாரோ ஒருவர் அச்சடித்துப் போட்டார். இரண்டாவது புத்தகம் முதலில் வந்தது, முதலாவது பிறகு வந்தது. வரட்டுமே. டிவியில் அட்டைப்பெட்டி மாதிரி தெரிந்த கலம், புத்தகத்தில் நிஜமாகவே பறந்தது.

தொடரைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். புத்தகங்கள் நிற்கவில்லை. கடைசியாக வந்ததன் முடிவில் கலத்தின் தலைவி வெளியே மிதக்கிறாள், கதவு திறக்க மறுக்கிறது. அடுத்தது கடைசிப் புத்தகம். அது மட்டும் வரவே இல்லை.

அந்த வருஷ அறுவடைக்குத் திராட்சைப் பெட்டியின் அடியில் விரிக்கச் சித்தப்பா மதுரையிலிருந்து பழைய தாள் கட்டு வாங்கிவந்தார். மடிக்காத, வெட்டாத அச்சுத்தாள்கள். பாதிப் பக்கங்கள் தலைகீழாக இருந்தன. பள்ளி விட்டு வந்தவள் ஒன்றை எடுத்துத் திருப்பினேன். தலைவி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

கட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

“ஏ புள்ள, எந்திரி. லாரி நிக்குது,” என்றார் சித்தப்பா.

“தரமாட்டேன். இது நான் படிக்கிற கதை.”

பழம் அடுக்கிய அக்கா சிரித்தாள். “விரிங்கண்ணே. படிச்ச பழம்னு கேரளாச் சேட்டன்மாரு அள்ளிக்கிட்டுப் போவாக.”

சித்தப்பா காதைத் திருகினார். நான் இறங்கவில்லை. பைக்கட்டிலிருந்து அறிவியல் பாடப் புத்தகத்தை எடுத்து, நடுவில் கிழித்து நீட்டினேன்.

“தாள்தானே வேணும்? இதப் போடுங்க.”

அம்மா ஓடிவந்து முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதும் இறங்கவில்லை.

“இவகூட மல்லுக்கட்ட முடியாது. வாழைச்சருகை விரிங்கப்பா,” என்று சித்தப்பா கையை உதறினார்.

ஆனால் அதற்கு முன்பே அந்தத் தாளை விரித்து ஆணியடித்த பெட்டிகள் ஏற்கெனவே லாரியில் ஏறியிருந்தன. கதவு திறந்ததா இல்லையா என்ற பக்கம் அவற்றோடு போய்விட்டது. “பழத்தை இறக்கிட்டு அடித்தாளைக் கொண்டாந்துருங்கண்ணே,” என்று டிரைவரிடம் சொன்னேன். “கொண்டாரேன் ஆத்தா,” என்றார். கொண்டுவரவில்லை.

ஊர் உலகமெல்லாம் அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டது, கம்பத்துக்கு மட்டும் அனுப்பாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று அந்த வருஷம் முழுக்கக் கோபமாகத் திரிந்தேன். புத்தகம் போட்டவர் தொழிலையே விட்டுவிட்டு, தைக்காத தாள்களை அப்படியே எடைக்குப் போட்டுவிட்டார் என்று அப்போது எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் புத்தகத்துக்கு இருந்த ஒரே வாசகி அந்தக் கட்டின்மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.