விலகாமல் நின்ற சவிரிமுத்து

செவ்வாய்க்கிழமை காலை குணம் என் அறைக் கதவைத் தட்டினான். "ஐயா, சவிரி போயிட்டான்" என்றான். நாடு கடத்திவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைத்தேன். காய்ச்சலோடு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த சவிரிமுத்து, நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டார். அவரும் குணமும் ஒரே பிரெஞ்சு உணவகத்தில் சட்டி கழுவியவர்கள்.

எண்பத்து நான்கில் மன்னாரிலிருந்து இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு வந்தவர். ஊரில் இராணுவ முகாமில் வைத்துத் தன்னை அடித்ததாக அகதி மனுவில் சொன்னார். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். உடம்பில் தழும்பில்லை, சாட்சியுமில்லை. முதல் தடவை பிடித்து விடுதலை செய்ததுமே ஏன் நாட்டைவிட்டுப் போகவில்லை என்று அதிகாரி கேட்டார். மனு நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்தோம். என் மொழிபெயர்ப்பில் குறை இருந்ததோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் உண்டு.

அந்த உணவகத்துச் சமையற்காரர் ஞாயிறுகளில் வன்சென் காட்டுத் திடலில் பேஸ்பால் ஆடுபவர். ஆள் குறைந்த ஒருநாள் சவிரியைக் கூப்பிட்டார். கதைக்க ஆள் வேண்டுமென்று சவிரி என்னையும் அழைத்துப் போனார். முதல் பந்தே அவர் தொடையில் பட்டது. நடுவர் முதல் பேஸ் பக்கம் கையை நீட்டினார். அந்த ஆட்டத்தில் பந்து உடம்பில் பட்டால் அடிக்காமலே அங்கே போகலாம். சவிரியோ பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட் ஆடியவர். எல்பிடபிள்யூவில் அவுட் என்று நினைத்து, மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரங்களை நோக்கி நடந்தார். இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்து வந்தார்கள்.

நான் விளக்கியபோது அவர் நம்பவில்லை.

"அடி விழுந்தா வழி விடுவினமோ?"

"ஓம்."

"விழுந்ததெண்டு ஆர் சொல்லுறது?"

"நடுவர்தான். பாக்கிறதுதான் அவரின்ரை வேலை."

அதற்குப் பிறகு அவர் மேல் அடிக்கடி பந்து பட்டது. முழங்கை, தோள், விலா. பந்தின் நேருக்கு உடம்பைக் கொண்டுவரும் கிரிக்கெட் பழக்கம் என்று நினைத்தேன். ஆனால் பட்டதும் அவர் அந்த இடத்தைத் தடவமாட்டார். திரும்பி நடுவரின் முகத்தைப் பார்ப்பார்.

"மட்டை பாரமெல்லோ, வீட்டிலை வைச்சிட்டுப் போவன்" என்று குணம் பகிடி பண்ணுவான்.

"உனக்கு விளங்காதடா. இஞ்சை ஒருத்தன் நிண்டு பாத்திட்டு, இவனுக்குப் பட்டதெண்டு எல்லாருக்கும் முன்னாலை சொல்லுறான்" என்பார் சவிரி.

ஒரு ஞாயிறு வேறொரு நடுவர் வந்திருந்தார். விலாவில் பந்து மோதிய சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது. நடுவர் தலையை ஆட்டி, அங்கேயே நில் என்றார்.

"ஐயா, என்னவாம்?"

"நீர் விலகப் பாக்கேல்லையாம். அதாலை பட்டது கணக்கில்லையாம்."

சட்டமும் அதுதான். சவிரி சிரித்தார். "மனு விசாரணையிலையும் இதைத்தானே ஐயா கேட்டவை" என்றார். பிறகு அவர் ஆடப் போகவில்லை. மேல்முறையீட்டுக்கான அழைப்பு வருவதற்குள் இறந்துபோனார்.

ஆஸ்பத்திரி அலுவல்களுக்குக் குணத்தோடு போனேன். மருத்துவர் ஓர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். முதுகுப்பக்கத்து விலா எலும்புகளைக் காட்டி, இவை முறிந்து பல வருடங்கள் இருக்கும், வைத்தியம் இல்லாமல் தாமாகப் பொருந்தியிருக்கின்றன, இவரை யார் அடித்தது என்று கேட்டார். பந்து பட்டதாக இருக்குமோ என்றேன். இல்லை, இது பல தடவை விழுந்த அடி என்றார்.

அவரை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய பகிடிகள் இருக்கும், பாட்டுகள் இருக்கும். என்னிடம் இருப்பது, மருத்துவர் சொன்னதன், உரியவரிடம் சேராத ஒரு மொழிபெயர்ப்பு மட்டுமே. மெத்ரோவில், மாடிப்படியில், எங்கேயென்றில்லை, அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார். நான் மெல்லச் சொல்கிறேன்: "ஓம், சவிரி. பாத்திட்டினம். உமக்குப் பட்டதாம்."