கொலை செஞ்சது கண்டாக்கு

இன்றைக்கு வட்டகொடையிலிருந்து தலவாக்கலைக்கு பஸ்ஸில் போனோம். கையில் நான் விடாமல் வாசிக்கும் துப்பறியும் தொடரின் முப்பத்தோராவது பாகம். மடியில் நாலு வயது மகள்.

பக்கத்து சீட் அக்கா எட்டிப் பார்த்தார். "இதுவா? கொலை செஞ்சது கண்டாக்குதாங்க."

எனக்கு இன்னும் அறுபது பக்கம் பாக்கி.

டிக்கட் கொடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அக்கா, நான் என்னக்கா செஞ்சேன்?"

பஸ்ஸே சிரித்தது. மகள் மட்டும் சிரிக்கவில்லை.

எங்கள் பேச்சில் பஸ்ஸில் டிக்கட் கொடுப்பவரும் கண்டாக்கு, தேயிலைத் தோட்டத்தில் மலையில் வேலை வாங்குபவரும் கண்டாக்கு. இரண்டாவது ஆள் அவளுடைய அப்பா.

வீடு திரும்பியதும் வாசலில் அவர் அவளைத் தூக்கக் கையை நீட்டினார். அவள் எனக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா, அப்பா யார கொன்னாங்க?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்பா இல்லடா, கதையில வர்ற பஸ் கண்டாக்கு" என்று பத்துத் தடவை சொன்னேன்.

ஓடிப்போய் அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அப்ப நமக்கு டிக்கட் குடுத்த மாமாவா?"

திங்கட்கிழமை முன்பள்ளிக்கும் அதே பஸ்தான், அதே மாமாதான்.

எங்கள் பக்கம் யாருமே செய்யாத வேலையில் இருப்பவர் கொலை செய்கிற பாகம் இந்தத் தொடரில் எதுவென்று தெரிந்தால் சொல்லுங்கள்.