புழு வளர்க்கும் மாப்பிள்ளை

எங்கள் மாப்பிள்ளையைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. தங்கச்சியைக் கட்டிக் கொடுத்த பாவத்துக்கு மரியாதையாகக் கூப்பிடுகிறேன், அவ்வளவுதான்.

கோழிப் பண்ணைகளுக்குத் தீனியாகப் புழு வளர்த்து விற்கிறான். தொழிலைக் குறை சொல்லவில்லை. ஆனால் இருப்பதே ஒரு அறை, அதில் கட்டிலைச் சுற்றிப் புழுத் தொட்டிகள். வெளிச்சம் பட்டால் புழு மேலே வந்து தின்னாதாம். அதனால் வாசலில் தடித்த படுதா, வீட்டில் பல்ப் போடக் கூடாது. தங்கச்சி தையல்காரி. பகலில் மிஷினை வெளியே போட்டுத் தைப்பாள். பொழுது சாய்ந்தால் உள்ளே தடவித் தடவித்தான். ஒரு மணி நேரமாவது பல்ப் போட விடச் சொல்லி அவனிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

நான் போய்க் கேட்டேன். "கண்ணே இல்லாத புழுவுக்கு வெளிச்சம் எப்படி மாப்ள தெரியும்?"

ஒரு புழுவின் தலையைத் தீனிக்குள் புதைய விட்டு, வாலில் மட்டும் டார்ச் அடித்தான். அது நெளிந்து உள்ளே இறங்கிவிட்டது.

"பாத்தீங்களா மச்சான்? தோல் பூரா அதுக்கு உணர்ச்சி. பாவம், தாங்காது" என்றான். குரலில் அப்படியொரு பாசம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்றவளின் விரலெல்லாம் ஊசி குத்திய காயம். அது அவனுக்குத் தெரியவில்லை.

போன மாதம் பெரிய ஆர்டர் வந்தது. பேராசையில் தொட்டிக்கு இரண்டு மடங்கு புழுவைத் திணித்தான். அன்று சாயங்காலம் இருட்டில் மிஷின் ஊசி தங்கச்சியின் நகத்தில் இறங்கிவிட்டது. வலி தாங்காமல் பல்பைப் போட்டாள். புழுக்களெல்லாம் அடியில் புதையப் பார்த்தன. அடியில் ஏது இடம்? ஈர விளிம்பைத் தாண்டி வழிந்து கட்டிலடி இருட்டுக்குள் போய்ச் சேர்ந்தன.

ஓடிவந்தவன் குப்புறப் படுத்துக் கட்டிலடியில் நுழைந்தான். "எல்லாம் போச்சே. சுவரோரமா டார்ச் அடி, இந்தப் பக்கம் வந்துரும்" என்றான். ரத்தம் சொட்டும் கையை ஏறிட்டும் பார்க்கவில்லை.

தங்கச்சி டார்ச்சை எடுத்தாள், பல்பை அணைத்தாள், நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து எங்கள் வாசலில் வந்து நின்றான். விரலில் கட்டோடு தைத்துக்கொண்டிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்றாவது கேட்பான் என்று பார்த்தேன்.

"தண்ணி தெளிக்க ஆளில்ல, புழு வாடுது. கிளம்பு" என்றான்.

அவள் தலை நிமிரவில்லை.

"அண்ணே, அந்தக் கதவைச் சாத்துங்க" என்றாள்.