டீச்சர் சொன்ன ஆமென்

எங்கள் சபையில் பாதிப் பேரின் ரத்தத்தை எடுத்தது ஒரே கைதான். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை எல்லோரும், அவரைவிட மூத்தவர்கள்கூட, ஊசி அக்கா என்றே கூப்பிடுவார்கள். நரம்பு தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவார். குத்துவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார்: "ரிசல்ட் வந்ததும் என்ன பண்ணப் போறீங்க?" பலரும் முழிப்பார்கள். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்" என்று யாராவது சொன்னால், "சும்மா தெரிஞ்சுக்க இதென்ன மேட்ச் ஸ்கோரா?" என்பார்.

திருமணமாகிப் பல ஆண்டுகள் பிள்ளையில்லாமல் இருந்து, முப்பத்தொன்பதாம் வயதில் அவர் கர்ப்பமானார். சபையே மண்டியிட்டுக் கேட்டு வாங்கிய பிள்ளை அது. அதனால் அதில் தங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நான் எங்கள் ஆலயத்தின் பதிவேடுகளை எழுதுகிறவன். இதில் பாதி என் காதால் கேட்டது. மீதியை ஊசி அக்காவே சொன்னார். இரண்டு இடங்களில் அவருடைய கணவர் திருத்தினார். திருத்தியபடியே எழுதுகிறேன்.

நான்காம் மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் இருக்க வாய்ப்பு அதிகம்னு காட்டுது. வாய்ப்புதான், நிச்சயமில்லை. நிச்சயமா தெரியணும்னா வயித்துல ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணியை எடுத்துப் பார்க்கணும். அதுல கரு கலையற ஆபத்தும் கொஞ்சம் உண்டு. யோசிச்சுச் சொல்லுங்க, ஆனா ரொம்ப நாள் யோசிக்காதீங்க."

ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கணவர் அந்தப் பரிசோதனையை உடனே எடுத்துவிடலாம் என்றார். அக்கா பிடிகொடுக்கவில்லை. மனப்பாரம் தாங்காமல் கணவர் தன் தங்கையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னார்.

தங்கை வாக்குத் தவறவில்லை. மனிதர் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஆண்டவரிடம் சொன்னார், சத்தமாக.

நான் பக்கத்து அறையில் பழைய பதிவேடு ஒன்றை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் மரத்தடுப்பு மட்டுமே. "தகப்பனே, எங்க அண்ணியோட ரத்த ரிப்போர்ட்டை நீர் அறிவீர். டவுன் சின்ட்ரோம்னு டாக்டரம்மா சொன்னதையும் அறிவீர். அப்படி ஒரு பிள்ளை எங்க வீட்டுக்கு வேண்டாம் ஆண்டவரே. அதை மாத்திப்போடும்" என்றது நாத்தனாரின் குரல்.

எல்லோரும் ஆமென் என்றார்கள். அதில் ஒரு குரலை நான் தனியாகக் கேட்டேன். கடைசி பெஞ்சுவரை எட்டும்படி பழகிய குரல், ஓய்வுபெற்ற டீச்சருடையது. அவருடைய ஒரே மகன் டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர். ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையை ஏந்தி வருவது அவர் பொறுப்பு என்பதால் சபையில் அவருக்குக் கலெக்டர் என்று பெயர். காசு போடாதவர் முன்னால் அவர் நகராமல் நிற்பார்.

கூட்டம் முடிந்ததும், அதே கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஊசி அக்கா தாழ்வாரத்தில் நாத்தனாரைப் பிடித்துக்கொண்டார்.

"ஊருக்கே செய்தி வாசிச்சுட்டியேடி!"

"ஜெபம்தானே அண்ணி பண்ணினேன்?"

"ஆண்டவருக்கு எல்லாம் தெரியும்னு நீயே சொன்னே. அப்ப அத்தனை விவரமும் யாருக்கு?"

நாத்தனார் அழுதுவிட்டார். கெட்ட எண்ணம் ஏதும் அவருக்கு இல்லை என்பதையும் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் முழுவதும் அக்காவின் வீட்டுக்கு ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். டெஸ்ட் எடுப்பது அவிசுவாசம் என்றார் ஒருவர். கதவைச் சாத்திக்கொண்டு, "உனக்கும் வயசாகுது, கொஞ்சம் யோசி" என்றார் இன்னொருவர். "ஊரையே குத்தினவளுக்கு ஊசின்னா பயமா?" என்று கேட்டுச் சிரித்தவரும் உண்டு. அக்காவின் மனதில் ஓடியதோ வேறு கேள்வி. அதைக் கேட்க அவர் டீச்சர் வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த கலெக்டர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். தைராய்டு பரிசோதனைக்கு அவ்வப்போது அவர் கையில் ரத்தம் எடுப்பது அக்காதான்.

"இன்னைக்கு ஊசி கிடையாதுல்ல?"

"கிடையாது. உங்கம்மாவைப் பார்க்க வந்தேன்."

"அப்ப உள்ள வா."

டீச்சர் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். அக்கா சுற்றி வளைக்கவில்லை. "டீச்சர், அன்னைக்கு ஆமென் சொன்னீங்களே, நிஜமாவா?"

"வாய்ப் பழக்கம்மா. யாராவது கண்ணை மூடி ஆண்டவரேன்னா, முடிக்கிற இடத்துல என் வாய் தானா சொல்லிடும். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பத்த வைக்கறப்பதான் என்ன சொன்னோம்னு உறைச்சுது."

"அப்ப பொய்யா சொன்னீங்க?"

"முழுப் பொய்யும் இல்ல." டீச்சர் கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தார். "இவன் பிறந்து ரெண்டு வருஷம் தினமும் அதே ஜெபம்தான். மாத்திக் குடுங்கன்னு. ஒருநாள் இவனுக்கு நெருப்பா காய்ச்சல். வழக்கம்போல மாத்திக் குடுங்கன்னு ஆரம்பிச்சேன், பாதியில பயம் வந்துடுச்சு. மாத்திட்டார்னா இவன் எங்க போவான்? என்கிட்ட நிக்கிறது யாரா இருக்கும்? அதோட நிறுத்திட்டேன்."

"அந்தக் காலத்துல இந்த டெஸ்ட் இருந்திருந்தா?"

"எடுத்திருப்பேன். எடுத்திருந்தா இவன் இருந்திருப்பானான்னு எனக்குத் தெரியாது. என்னைப் பெரிய விசுவாசின்னு நினைச்சுக்காதே. எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பாங்கன்னு இன்னைக்கும் தூக்கம் வரலை. அதுக்கு எந்தக் கூட்டத்துலயும் யாரும் ஜெபம் பண்றதில்லை."

கலெக்டர் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டிருந்தார். "உன் பாப்பா என்னை மாதிரியா?"

"இருக்கலாம். தெரியலை."

"வரட்டும். ஆனா காணிக்கைப் பையை நான்தான் பிடிப்பேன். அதுகிட்ட தர மாட்டேன்."

"சரிங்க கலெக்டர்."

வீடு திரும்பியபோது கணவர் கூடத்தில் ஒரு ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அக்கா எதிரில் உட்கார்ந்தார். "ஊசி போட்டுக்கறேன். ஆனா முதல்ல நீங்க சொல்லுங்க. ஆமான்னு வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வந்தப்புறம் பார்த்துக்கலாம்."

"அதான் கூடாது. இப்பவே சொல்லுங்க."

அவர் மறுபடி ஸ்குரூவைக் கழற்றத் தொடங்கினார். சில நாள் இருவரும் சாப்பாட்டைப் பற்றி மட்டும் பேசினார்கள். பிறகு ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நின்றார்.

"வேணும்னு சொல்ற தைரியமும் எனக்கு இல்ல, வேண்டாம்னு சொல்ற தைரியமும் இல்ல. ஆனா அந்த ரிப்போர்ட் கையில இருந்து, யாராவது ஒரு வார்த்தை சொன்னா, நான் அவங்க சொல்ற பக்கம் சாய்ஞ்சிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். ஊசி வேண்டாம். வர்றது வரட்டும்."

அக்கா அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவர் வாயைத் துடைத்துவிட்டாராம். பிறகு, "வேற ஒரு டெஸ்ட் எடுக்கலாம்" என்றார்.

"என்னம்மா நீ! இப்பதானே வேண்டாம்னோம்?"

"இது ஸ்கேன். இந்த மாதிரிப் பிள்ளைங்கள்ல நிறைய பேருக்கு இதயத்துல கோளாறு இருக்கும். அந்த ஊசி, பிள்ளை வரலாமான்னு கேக்குது. இந்த ஸ்கேன், வர்ற பிள்ளைக்கு என்ன தேவைன்னு கேக்குது."

எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஊசியைப் போட்டுக்கொண்டு, விடை தெரிந்த பின்பும் பிள்ளையைப் பெற்று வளர்க்கும் ஒரு தாயை எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் தன்னால் தயாராக முடிந்தது என்று அவர் சொல்கிறார். பெறாமல் விட்ட ஒருவரும் எங்கள் சபையில் இருக்கிறார். அவரை நான் ஒன்றும் கேட்டதில்லை.

ஸ்கேனில் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை தெரிந்தது. அதனால் இதய மருத்துவர் இருக்கும் பெரிய மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். பெண் குழந்தை பிறந்தது. முதல் பரிசோதனை சொன்னது சரிதான் என்று அங்கிருந்த டாக்டர் மெதுவாகச் சொன்னபோது, கணவர் கேட்டது, "பால் குடிக்குதா டாக்டர்?" என்பதுதான். சிரமப்பட்டுக் குடித்தது. அறுவை சிகிச்சையை, உடல் தேறிய பிறகு செய்யலாம் என்றார்கள்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று சபை நிறைந்திருந்தது. போதகர் தண்ணீர் தெளித்து, பெயரைச் சொல்லி, குழந்தையைக் கையில் ஏந்தியபடி ஜெபிக்கத் தொடங்கினார். நான் பேனாவோடு பக்கத்தில் நின்றேன். "ஆண்டவரே, இந்தக் குழந்தையின் சரீரத்திலுள்ள எல்லாக் குறைகளையும் நீக்கி..."

"பாஸ்டர், இதயத்துக்கு மட்டும்."

சொன்னது ஊசி அக்கா. போதகர் ஒரு கண்ணைத் திறந்தார். "என்னம்மா?"

"இதயத்துல ஓட்டை இருக்கு. அதுக்கு மட்டும் கேளுங்க. மத்ததெல்லாம் அவதான்."

இப்படி யாரும் குறுக்கிட்டு எங்கள் ஆலயத்தில் நான் பார்த்ததில்லை. போதகர் கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவர் குழந்தையின் முகத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "ஓட்டை எந்த இடத்துலம்மா?"

"கீழறை ரெண்டுக்கும் நடுவுல."

அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்த இடத்தைச் சொல்லி, அதை மட்டும் கேட்டார்.